சின்ன தொரைக்குச் சரியான தோட்டா

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேனேஜரைப் பெரிய தொரை என்போம், உதவி மேனேஜரைச் சின்ன தொரை என்போம். பங்களா அலுமாரியில் இருந்த ரைஃபிளுக்கும் ரிவால்வருக்கும் நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயர்களும் அவைதான். முதலில் அப்படிக் கூப்பிட்டவன் ஆபீசில் சின்னக் கிளாக்கராக இருந்த நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஹல்துமுல்லைக்கு மேலே எங்கள் மலையில் காட்டுப்பன்றித் தொல்லை அதிகமாகி, கொழுந்து பறிக்கும் பெண்கள் அங்கே போகவே மறுத்தார்கள். ரைஃபிள், ரிவால்வர் இரண்டுக்கும் பொருந்துகிற ஒரே தோட்டாவாக வாங்கிவரச் சொன்னார் மேனேஜர். பழைய வகை கிடைக்கவில்லை. பதுளையில் லைசென்ஸ் உள்ள கடைக்காரர், ஒரு முஸ்லிம் நானா, புதிதாக ஒன்றை எடுத்து வைத்தார்.

“ரெண்டுக்கும் போகும் தம்பி. அளவு ஒண்டுதானே?”

அளவு ஒன்றுதான். முனை மட்டும் மொட்டையாக இருந்தது. ரிவால்வரில் ஆறும் அழகாக வெடித்தன. ரைஃபிளில் போட்டுப் பார்ப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வழக்கமான பேச்சிலேயே “சின்ன தொரைக்குச் சரி” என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி ஆபீசில் வைத்தேன். டவுனிலிருந்து புதிதாக வந்திருந்த பெரிய கிளாக்கர், உதவி மேனேஜரே பார்த்துச் சரி சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டு, தோட்டாவைப் பயன்படுத்த மேனேஜரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார்.

மறுநாள் காலை ரைஃபிளை என் மச்சானிடம் கொடுத்தார்கள். அக்கா வீட்டுக்காரர், தோட்டத்துக் காவல்காரர்.

“இன்னும் பெரிய தொரைக்குப் பாக்கலீங்களே ஐயா” என்றார் மச்சான்.

“பெரிய தொரை கையெழுத்தே போட்டாச்சு. இன்னும் என்ன பாக்கணும்?” என்று எரிந்து விழுந்தார் கிளாக்கர்.

மச்சான் என்னைப் பார்த்தார். தொரைமார் பேரைத் துப்பாக்கிக்கு வைத்திருக்கிறோம் என்று எந்த வாயால் சொல்வது? நான் குனிந்துகொண்டேன். அவர் மலையேறிவிட்டார்.

முதல் தோட்டாவைக் கையால் போட்டுச் சுட்டிருக்கிறார். அடுத்தது மொட்டை முனை இடறி, உள்ளே ஏறாமல் சிக்கிக்கொண்டது. அடிபட்ட பன்றி திரும்பி வந்து தொடையைக் கிழித்துவிட்டது.

இனி மலையேறுவது கஷ்டம் என்றார் டாக்டர். வேலை போனால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவும் போய்விடும் என்று சொல்லிச் சொல்லி அழுதாள் அக்கா.

ஆஸ்பத்திரிக்கு வந்த மேனேஜர், சோதிக்காத துப்பாக்கியை ஏன் எடுத்துப்போனாய் என்று மச்சானைக் கேட்டார். இனி என்ன மானம், மண்ணாங்கட்டி என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ விழுந்து விழுந்து சிரித்தார். தொரை சிரிக்கிறாரே என்று மச்சானும் படுத்தபடியே சிரித்தார்.

“அப்ப தப்பு ஒங்க ரெண்டு பேரு மேலதான்” என்று சொல்லிவிட்டு மேனேஜர் கிளம்பினார்.

“தொரை சிரிச்சாருல்ல மச்சான், வேலைய விட்டு எடுக்க மாட்டாரு” என்றார் மச்சான்.

எடுக்க மாட்டார் என்று நானும் தலையாட்டினேன். அதை நம்பி அக்கா அழுகையை நிறுத்தினாள்.