சங்கின் புதுக் குரல்

கார் பட்டறையில் பெயிண்ட் அடிக்கும் அவளுக்குச் சங்கு என்று சும்மா பெயர் வைக்கவில்லை. கம்ப்ரஸர் இரைச்சலைத் தாண்டி, நாலு வண்டிக்கு அப்பால் நிற்பவரை ஒரே கூப்பாட்டில் திரும்ப வைப்பாள். ஞாயிறு மதியம் பட்டறை ஓய்ந்ததும் அங்கேயே ராக் குழு கூடும். புருஷன் கிதார்; பள்ளி வேன் ஓட்டும் நாத்தனார் டிரம்ஸ்; நடுவில் சங்கு. அவள் உச்சத்துக்குப் போனால் தகரக் கூரை அதிரும்.

கழுத்தில் கட்டி வந்தது. ஆபரேஷனில் கட்டி போனது, கூடவே குரலும் போனது. நாலு மாதம் எழுதிக் காட்டித்தான் பேச்சு. 'சங்குக்கே சங்கு ஊதிட்டாங்க' என்று ஒருநாள் எழுதினாள். புருஷனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்புறம் குரல் திரும்பியது. ஆனால் உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி கரகரவென்று, அடிவயிற்றிலிருந்து. பாடலாம் என்று டாக்டர் சொல்லியும், வேறு ஆளைப் பாருங்கள் என்று ஒதுங்கிவிட்டாள். நாத்தனார் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிறு, பட்டறையில் மறந்து வைத்த பெயிண்ட் முகமூடியை எடுக்கச் சங்கு வந்தாள். அவளைக் கண்டதும் நாத்தனார் தாளத்தைப் பாதியாகக் குறைத்தாள். அண்ணனிடம் தந்திகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கச் சொன்னாள். பாட்டு கனத்துப்போய் நடந்தது.

"அண்ணி, மேலே ஏற வேணாம். கீழயே நின்னு பாடுங்க."

சங்கு மைக்கைப் பிடித்தாள். வாயில் வந்தது அவள் தொழில்தான்:

"கீறல் விழுந்தா சுரண்டு, சுரண்டிட்டுப் பூசு, ஈரம் இன்னும் காயல!"

மேடேறும் லாரியைப் போல ஸ்பீக்கர் உறுமியது. புருஷனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சங்கு தன் குரலைத் தானே கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அந்த ஒரே வரியை இரண்டு மணி நேரம் விடாமல் வாசித்துத் தீர்த்தார்கள்.

மூன்றாம் வாரம் விளையாட்டு மைதானத்தில் மேடை. பழைய குரலுக்குக் காத்திருந்த கூட்டம் முதல் வரியில் திகைத்துப் போனது. இரண்டாம் சரணத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. அவள் நிறுத்தவில்லை; பிளந்த குரலையே இழுத்து நீட்டினாள். அவ்வளவுதான், கூட்டம் அந்த வரியைப் பிடுங்கிக்கொண்டு தானே பாடியது! கிதாரில் ஒரு தந்தி அறுந்தது. புருஷன் மிச்ச ஐந்தில் சமாளித்தான். நேரம் முடிந்ததென்று ஓரத்திலிருந்து கைகாட்டியவரை நாத்தனார் பார்க்கவே இல்லை.

அடுத்த மாதத்துக்குள் சங்கு மூன்று புதுப் பாட்டு எழுதிவிட்டாள், மூன்றும் அந்தக் கரகரப்புக்கென்றே.