இரண்டாம் பக்கத்துக் கைதட்டல்

எங்கள் தோட்டத்தில் பாட்டுக்கு யாரும் கைதட்டியதில்லை. கைதட்டல் அப்பாவுக்கு உரியது. அவர் மண்டோர், தோட்டத்துக் கங்காணி. விடியற்காலைப் பெரட்டில் வேலையாட்களை வரிசையில் நிறுத்தி, எல்லோரையும் பெயர் சொல்லி அழைத்து முடித்ததும் மூன்று முறை கைதட்டுவார். நூற்றுச் சொச்சம் பேரும் வாளியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு ரப்பர் நிரைகளுக்குக் கிளம்பிவிடுவார்கள். மூன்றுதான், நான்காவது தட்டலை யாரும் கேட்டதில்லை. அதைவிட்டால் வெண்டைச் செடியில் குரங்கு இறங்கும்போது நாங்கள் தட்டுவோம். கோயில் திருவிழாவில் ஒருவர் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் சனம் பாயில் உட்கார்ந்து அமைதியாகக் கேட்கும். முடிந்ததும் வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொள்ளும். அதையே பாராட்டாக எடுத்துக்கொள்வது பாடுகிறவரின் பொறுப்பு.

சித்தப்பாவால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. அப்பாவின் தம்பியான அவர் எங்கள் வீட்டில்தான் இருந்தார். தினமும் மோட்டாரில் சுங்கை காடுட்டுக்குப் போய் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்தார். சொந்தமாகக் கித்தார் வைத்திருந்தார். திருவிழா மேடையில் இரண்டு வருடம் தொடர்ந்து பாடி, இரண்டு வருடமும் வெற்றிலை மாறுவதைப் பார்த்துவிட்டு இறங்கியவர்.

அந்த வருடம் சிரம்பான் பாசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், ஒரு கேசட் வாங்கி வந்தார். ஓர் ஆங்கில ராக் குழு ஏதோ ஒரு திடலில் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் பாடியதை அப்படியே பதிவு செய்தது. அட்டையில் நான்கு பேர் நின்றார்கள். நால்வருக்கும் அம்மாவைவிட நீளமான முடி.

“என்ன வேண்டுதலோ, பாவம்,” என்றார் அம்மா.

சித்தப்பாவுக்கு அந்தப் பாட்டுகள் அவ்வளவு பிடித்ததாகத் தெரியவில்லை. அவர் திரும்பத் திரும்பப் போட்டதெல்லாம் இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தைத்தான். முதலில் தூரத்துத் தகரக் கூரையில் மழை பெய்வது போல ஒரு சத்தம் வரும். அது நெருங்கும். இடது பக்கம் யாரோ விசில் அடிப்பார். ஓர் ஆள் எதையோ மூன்று தரம் கத்துவார். பிறகு அத்தனை கைகளும் ஒரே தாளத்துக்கு வந்து சேரும். பாடகர் களைத்த குரலில் “தேங்க் யூ” என்பார். டிரம் அடி விழும். அங்கே சித்தப்பா நிறுத்திவிட்டு, பேட்டரி வீணாகக் கூடாதென்று பென்சிலை விட்டு நாடாவைப் பின்னால் சுற்றுவார்.

“கேட்டியா பாப்பா? அடுத்த பாட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. அதுக்குள்ள இந்தத் தட்டு தட்டுறானுங்க.”

அப்பா கித்தாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சித்தப்பா அதைக் கையில் எடுத்தால் இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அப்பாவுக்குப் பிடிக்காது என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

திருவிழாவுக்கு முந்தின வாரம் சித்தப்பா அம்மாவிடம் சொன்னார்: “இதுதான் கடைசி அண்ணி. இந்தத் தடவையும் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தாங்கன்னா, கித்தாரைக் கூட்டாளிக்குக் குடுத்துடுவேன். அவனாவது வாசிக்கட்டும் லா.”

கித்தார் போனால் சித்தப்பா எப்படி இருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். சரியாக வரவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. தோட்டத்தில் கைதட்டல் இல்லைதான். ஆனால் எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது.

கடைசி நாள் மஞ்சள் நீராட்டு முடிந்து, மாலை ஆறு மணிக்கு வெயில் இருக்கும்போதே மேடை தொடங்கியது. எல்லோர் உடம்பிலும் மஞ்சள் காய்ந்திருந்தது. மம்பாவிலிருந்து வந்த மைக்செட்காரரிடம் கேசட்டைக் கொடுத்தேன். சரியான இடம் வரை பென்சிலால் நானே சுற்றி வைத்திருந்தேன்.

“சித்தப்பா பாடி முடிச்சதும் இதப் போடணுமாம்.”

“என்னது இது?”

“கைதட்டல்.”

அவர் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதையுமா விக்கிறானுங்க?” என்றார். மண்டோர் மகள் சொன்னதால் மேற்கொண்டு கேட்கவில்லை.

சித்தப்பா அன்று நன்றாகத்தான் பாடினார். முடித்தார். சனம் வெற்றிலையை மாற்றியது. மைக்செட்காரர் பொத்தானை அமுக்கிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

நான்கு குழாய் ஒலிபெருக்கிகளிலும் அந்தத் திடல் முழுவதும் ஒரே நேரத்தில் வந்து இறங்கியது. கோயிலைச் சுற்றியிருந்த நாய்கள் ரப்பர் மரங்களுக்குள் ஓடின. பாயில் இருந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே லயத்து வீடுகளும் காயும் துணிகளும்தான் இருந்தன.

“யாருடா இவ்வளவு பேரு? கெமாஸ்லேருந்து ரயில்ல வந்துட்டானுங்களா?” என்றார் ஒருவர்.

“சோறு பத்தாதே,” என்றார் அன்னதானம் பார்த்துக்கொண்டவர்.

விசில் வந்தது. மூன்று தரம் கத்தல் வந்தது. பாடகர் “தேங்க் யூ” சொன்னதும், தம் பாட்டுக்கு நன்றி சொல்லும் அந்தக் குரலை அடையாளம் கண்டு சித்தப்பாவின் வாய் திறந்தது. டிரம் விழுந்தது. அதற்கு மேல் என்ன செய்வதென்று நான் திட்டமிட்டிருக்கவில்லை. ஓடிப்போய், எந்தப் பொத்தான் என்று தெரியாமல் கைக்கு அகப்பட்ட வயரைப் பிடுங்கினேன். கேசட்டோடு மேடை மைக்கும் விளக்குகளும் சேர்ந்து அணைந்தன.

பிறகு சனம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. “இன்னொரு தரம் போடு லா,” என்று யாரோ கேட்டார். சித்தப்பா தோளிலிருந்து கித்தாரின் பட்டையைக் கழற்ற ஆரம்பித்தார். நான் மைக்செட் பெட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டேன்.

அப்போது முன்வரிசைப் பாயிலிருந்து அப்பா எழுந்து நின்றார். கைதட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று.

சிரிப்பு நின்றது. பெரட்டுப் பழக்கம், பத்துப் பதினைந்து பேர் எழுந்து பாயைச் சுருட்டத் தொடங்கினார்கள். ஒருவர் இல்லாத வாளியைத் தேடிக் குனிந்ததை நானே பார்த்தேன். குடும்ப மானம் போனதால் அப்பா எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புகிறார், அடுத்தது என் முதுகு என்று நினைத்தேன்.

ஆனால் அப்பா மூன்றோடு நிறுத்தவில்லை. நான்கு, ஐந்து, ஆறு என்று மேடையைப் பார்த்துத் தட்டிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் அவர் உள்ளங்கையிலிருந்து மஞ்சள் தூள் பறந்தது. சனம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. மண்டோர் தட்டும்போது சும்மா இருப்பது மரியாதையா என்று தெரியாமல் முதலில் ஒருவர் தட்டினார், பிறகு நான்கு பேர், பிறகு எல்லோரும். தாளம் ஒன்று சேரவேயில்லை. சித்தப்பா பட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டு, சனத்தைப் பார்க்காமல் அப்பாவை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடி விழவில்லை. கித்தாரும் போகவில்லை. சித்தப்பா அதன் பிறகு அந்தக் கேசட்டில் பாட்டுகளைக் கேட்கத் தொடங்கினார். கைதட்டல் வரும்போது எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்.

மறுநாள் அப்பாவிடம் கேட்டேன், ஏன் மூன்றுக்கு மேல் தட்டினீர்கள் என்று. செருப்பை மாட்டிக்கொண்டே, “எண்ணிக்கை தவறிப்போச்சு,” என்றார்.

நூற்றுச் சொச்சம் பெயரையும் ஏட்டைப் பார்க்காமல் வரிசை மாறாமல் கூப்பிடுகிற மனிதருக்கு மூன்று வரை எண்ணுவது தவறிப்போனது என்று நான் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.