தங்கை காரில் நான் ஏறினால்

தங்கை ஆட்டோமேட்டிக் கார் வாங்கியதிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். ஞாயிறு பூசைக்கு என்னையும் ஏற்றிப் போவாள். தானாகக் கியர் மாறும்போதெல்லாம் வண்டி வெட்டி இழுக்கும். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

கடைசியில் வண்டியை மெக்கானிக்கிடம் காட்டினாள். அவர் முதலில் அவளை ஓட்டச் சொல்லி, அவளோடு மட்டும் சாணார்பட்டி வரை போய்வந்தார். ஒரு குலுக்கல்கூட இல்லையாம். அடுத்து என்னையும் முன்சீட்டில் உட்காரவைத்து, அவர் பின்னால் ஏறிக்கொண்டார்.

"லாரி வருது, பாரு! உனக்கெல்லாம் எதுக்குடி காரு?" என்றேன். வண்டி வெட்டியது.

"வண்டியில கோளாறு இல்லக்கா. கியர் மாறுறப்ப ஆக்சிலேட்டர்ல இருந்து காலைச் செத்த தளர்த்தணும். நீங்க அதட்டுனதும் இவங்க பயந்து அழுத்திர்றாங்க" என்றார் மெக்கானிக்.

"அக்காவைச் சொல்லாதீங்கண்ணே. எனக்குத்தான் இன்னும் ஓட்டப் பழகல" என்றாள் தங்கை.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. இந்த நல்ல மனசும் அவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று அப்போதும் பொறாமைதான் வந்தது.