றம்லா கடையின் முழு மீன்

கிண்ணியாப் பாலத்தைக் கடந்து வருகிறவர்களுக்கு முதலில் றம்லாவின் குரல் கேட்கும், பிறகுதான் அவளுடைய கடை கண்ணில் படும். பகல் சாப்பாட்டுக்கு மட்டும் திறக்கிற சோற்றுக்கடை. கையும் நல்ல கை, வாயும் பெரிய வாய். சிலர் சாப்பிட வருவார்கள், சிலர் அவள் ஏசுவதைக் கேட்க வருவார்கள். இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்து அவள் நாட்கணக்காக வைத்திருந்த ஏச்சு ஒன்றே ஒன்றுதான். அது முழு மீன் பற்றியது.

அந்தப் பக்கத்தில் ஒரு சோற்றுப் பார்சலைப் பிரித்தால் உள்ளே தலையும் வாலுமாக ஒரு மீன் கிடக்க வேண்டும். துண்டு மீன் என்றால் முகம் சுருங்கிவிடும். நேற்றையதாக இருக்கலாம், ஐஸ் பெட்டியில் வாரக்கணக்காகக் கிடந்ததாக இருக்கலாம். முழு மீனென்றால் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாமாம். பொரித்த மீனின் கண்ணில் இவர்கள் எதைக் கண்டார்களோ, அது படைத்தவனுக்கே வெளிச்சம். ஆளுக்கொரு முழு மீன், அதுவும் பார்சல் விலைக்குள் வேண்டுமென்றால் வளர்ந்த மீனுக்கு எங்கே போவது? உள்ளங்கையளவு பாரைக் குஞ்சும் கலவாய்க் குஞ்சும்தான் அகப்படும். ஒரு தரமாவது முட்டையிட்டிராத மீன்கள். மீன் கடைகளில் அவை ஈ மொய்க்கக் கூறு கூறாகக் கிடக்கும், வாங்குகிறவர்களும் வெட்கமில்லாமல் வாங்குவார்கள்.

"தொட்டில்ல கிடக்கிறதத் தூக்கித் திண்டுபோட்டு, கடல்ல மீன் இல்ல எண்டு அழுவானுகள்," என்பாள் றம்லா. "மானங்கெட்ட கூட்டம்."

அந்தக் குஞ்சுகளைப் பிடிக்கிற சிறு கண் வலைகளில் ஒன்று அவளுடைய வீட்டு முற்றத்திலேயே காய்ந்துகொண்டிருந்தது. அது அவளுடைய புருசன் றுவைஸுடையது. சோம்பேறிகளுக்கென்றே பின்னிய வலை என்று அதற்கு அவள் பெயர் வைத்திருந்தாள். பெரிய மீனைத் தேடித் தூரம் போக வேண்டியதில்லை, கரையோடு ஒரு வளைப்பு வளைத்தால் அம்பிட்டதெல்லாம் வரும். ஊரையே ஏசுகிறவளின் வீட்டிலிருந்தே ஊருக்குக் குஞ்சு போகிறது என்று ஒரு நாள் ஒருவன் கடையில் வைத்தே சொல்லிச் சிரித்தான். றம்லாவுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அங்கே கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வீடு அவளுடைய வாப்பா கொடுத்த சீதனம், பத்திரம் அவள் பேரில் இருக்கிறது. அன்று பின்னேரமே அவள் வாசலில் நின்று சொன்னாள்: "அந்த வலையும் நீங்களும் ஒண்டா வெளிக்கிடுங்க. வலைய விட்டுட்டு வாறெண்டா வாங்க, இல்லாட்டி உம்மாட வீட்டிலயே இருங்க."

றுவைஸ் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். உம்மா வீட்டில் தங்கச்சி சோற்றுக்கு ஊற்றிய ஆணம் அவருக்கு ஒத்துவரவில்லை போலும். கொஞ்ச நாளில் திரும்பி வந்து வேலிப் படலைக்கு வெளியே நின்றார்.

"வல்லாஹி, இனி எந்தக் கடைக்கும் குஞ்சு மீன் குடுக்கமாட்டன்."

சத்தியம் பண்ணின மனிசனை எப்படித் துரத்துவது? றம்லா படலையைத் திறந்துவிட்டாள். அத்தோடு நிற்காமல், தன் புருசன் திருந்திவிட்டார் என்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள்.

கடைக்கும் அவள் வழி கண்டுபிடித்திருந்தாள். குறிஞ்சாக்கேணிக் களப்புத் தண்ணீரில் ஹஸ்மி என்ற பொடியன் மிதவைக் கூடு கட்டிக் கொடுவா மீன் வளர்த்தான். தட்டுக்குக் கணக்கான அளவு வந்ததும் பிடித்துத் தருவான். கடலில் கை வைக்கத் தேவையில்லை, முழு மீன் பைத்தியங்களுக்கும் தலை வால் கிடைக்கும். பார்சல் விலையைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டியிருந்தது, அதற்கும் அவள் அஞ்சவில்லை. "தீவன மா திண்டு வளர்ந்த மீன்" என்று மூக்கைச் சுளித்தவர்களை அவள் சும்மா விடவில்லை.

"நீங்க திங்கிற புறொயிலர் கோழி என்ன, காட்டுல வேட்டையாடினதா?"

அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே தின்றார்கள். தன் வீடும் கடையும் சுத்தம் என்ற நிம்மதியில் றம்லாவின் வாய் இன்னும் நீண்டது.

ஒரு நாள் காலை கொடுவாவைக் கீறிக் குடலை எடுத்தபோது கைக்குக் கட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. இரைப்பையைப் பிளந்தாள். உள்ளே பாரைக் குஞ்சுகள். களப்பில் கிடந்தவை தானாகக் கூட்டுக்குள் நீந்திப் போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் ஒவ்வொரு குஞ்சும் நடுவால் நேராக வெட்டுப்பட்டிருந்தது. கொடுவா கத்தி வைத்துச் சாப்பிடுவதில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு ஓட்டோ பிடித்துக் குறிஞ்சாக்கேணிக்குப் போனாள். இறங்குதுறையில் ஹஸ்மி பலகையில் குஞ்சுகளைப் போட்டு வெட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அடுத்த கூடையை இறக்கிக்கொண்டிருந்தவர் றுவைஸ்.

"தீவனம் விக்கிற விலைக்கு என்ன ராத்தா செய்ய?" என்றான் ஹஸ்மி, கையை நிறுத்தாமல். "இதத் திண்டாத்தான் கெதியா வளருது."

றம்லா புருசனைப் பார்த்தாள். "வல்லாஹி எண்டீங்களே?"

"கடைக்குக் குடுக்கமாட்டன் எண்டுதானே சொன்னனான். குடுக்கல்லயே." அவருடைய முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. "முந்தி ஒவ்வொருத்தனும் ஒரு குஞ்சு திங்கிறானெண்டு நீ ஏசின. இப்ப நீ ஒரு மீனுக்குள்ள கூடை கூடையா வெச்சு விக்கிற. நான் ஏதும் ஏசினனா?"

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பொய்யன் என்று அவரை ஏச ஏலாது, அவர் சொன்னதில் பொய்யில்லை. அதுதான் அவளை இன்னும் எரித்தது. கூடையை வெடுக்கென்று பறித்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள்.

அன்று பகல் அவள் கொடுவாவைத் தொடவில்லை. குஞ்சுகளை மஞ்சளும் உப்பும் பிரட்டி மொறுமொறுவென்று பொரித்து, ஒவ்வொரு தட்டிலும் பார்சலிலும் குவியலாக அள்ளிப் போட்டாள்.

"இந்தாங்க. இவ்வளவு நாளும் நீங்க திண்ட கொடுவா இதத் திண்டுதான் கொழுத்தது," என்று கடை அதிரக் கத்தினாள். "நடுவுல இன்னொருத்தன் எதுக்கு? நீங்களே திண்ணுங்க. வெக்கம் வந்தாத் துப்புங்க!"

ஒருவரும் துப்பவில்லை. கடை முழுக்க மொறுமொறு சத்தம். முள்ளையும் விடாமல் மென்றார்கள், விரலைச் சூப்பினார்கள். வெளியே நின்றவர்கள் மணத்துக்கு உள்ளே வந்தார்கள்.

"இண்டைக்குத்தான் மீன் மீனா இரிக்கு ராத்தா," என்றார் ஓட்டோக்கார ஆதம்பாவா, தட்டை வழித்தபடி. "அந்த மா மீன் வேணாம். நாளைக்கும் இதையே போடுங்க."

"ஓம், இதையே போடுங்க," என்றன நாலைந்து குரல்கள்.

பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த றுவைஸ் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். "எத்தின கூடை கொண்டுவர?" என்றார்.

போங்க வெளியே என்று சொல்லத்தான் றம்லா வாயைத் திறந்தாள். யாரைச் சொல்வது? இந்தக் கூட்டத்தையா, அந்த மனிசனையா, கரண்டி பிடித்து நின்ற தன்னையா? அதற்குள் பார்சலுக்குக் கைகள் நீண்டன. அவள் அடுத்த பிடிக் குஞ்சுகளை அள்ளி எண்ணெயில் போட்டாள்.