செல்வமணி அக்கா ஒட்டிய சீட்டு

மருந்து வேர்கள் விற்கும் சாலைக் கடைத்தெருவில் குறுந்தொட்டி வேர் மூட்டை ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் பழைய தாவரவியல் துறையின் வாட்ஸ்அப் குழுவில் செல்வமணி அக்காவின் படம். அதன் கீழே 'டாக்டர் செல்வமணிக்கு ஆதராஞ்சலி' என்று மலையாளத்தில் எழுதியிருந்தார்கள். ஓராண்டாக அவர் உடம்பு சரியில்லாமல் இருந்தது எங்களுக்கெல்லாம் தெரியும். ஆனாலும் கையிலிருந்த வேரைக் கீழே வைக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. பிறகுதான் அந்த 'டாக்டர்' கண்ணில் பட்டது. அவர் டாக்டர் இல்லை.

ஆய்வு மாணவியாகச் சேர்ந்த வாரத்தில் நானும் அவரை அப்படித்தான் அழைத்தேன். உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி அலமாரிகளில் பாதுகாக்கும் ஹெர்பேரியத்துக்கு அவர் காப்பாளர். பூச்சி உருண்டை வாசனைக்கு நடுவிலிருந்து நிமிர்ந்து, "டாக்டர் ஒண்ணும் வேண்டாம். நான் பாதியில நிறுத்துன ஆளு. அக்கான்னு கூப்பிட்டா மதி, அது போதும்," என்றார்.

போனக்காடு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து முதன்முதலாக எம்.எஸ்ஸி. முடித்தவர் அவர். முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த நான்காம் ஆண்டில், கட்டுரை எழுதுவதைவிடச் செடிகளைப் பராமரிப்பதே தனக்குப் பிடித்திருக்கிறது என்று கண்டு, காலியாக இருந்த காப்பாளர் வேலைக்கு விண்ணப்பித்துவிட்டார். அவருடைய நெறியாளர் கோபித்துக்கொண்டார். அம்மாவோ லயத்தில் அவரை டாக்டர் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். "முட்டுவலின்னு மூணு பேரு வந்து நின்னாங்க, கேட்டியா? மூணு பேருக்கும் கட்டன்சாயா போட்டுக் குடுத்து அனுப்பிச்சேன்," என்பார் அக்கா.

என் ஆய்வேட்டைச் சமர்ப்பித்து இரண்டு மாதம் கழித்து, அதில் ஒரு பிழையைக் கண்டேன். போனக்காட்டு மலையில் நான் சேகரித்த ஒரு காசித்தும்பையை அரிய இனம் என்று எழுதியிருந்தேன். அது அங்கே ஓடைக்கரையெல்லாம் பூக்கும் சாதாரண இனம். கல்லூரி வேலை ஒன்றுக்கு நேர்காணல் வரவிருந்த சமயம். ஹெர்பேரியத்துக்குப் போய், அந்தச் செடியை ஒட்டிய என் தாளிலுள்ள பெயர்ச்சீட்டை மட்டும் யாருக்கும் தெரியாமல் மாற்றித் தர முடியுமா என்று அக்காவிடம் கேட்டேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

அவர் கோபப்படவில்லை. அலமாரியிலிருந்து பழைய தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அந்தச் செடிக்கு நான்கு பேர் நான்கு காலங்களில் நான்கு பெயர் வைத்திருந்தார்கள். தவறான பெயரை யாரும் கிழிப்பதில்லை. பக்கத்தில் புதுச் சீட்டு ஒட்டி, திருத்தியவர் பெயரையும் தேதியையும் எழுத வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். என் தாளில் என்னையே எழுதச் சொல்லி, பசை தடவி அவர் ஒட்டினார். என் நெறியாளருக்கும் பிழையைச் சொல்லி அன்றே எழுதினேன்.

இந்தத் துறைக்கே நான் லாயக்கில்லை, மருந்து நிறுவனம் ஒன்றில் வேர்களைச் சோதிக்கும் வேலை இருக்கிறது, அதற்குப் போய்விடுகிறேன் என்றேன். பசை காய்ந்ததும் அக்கா தாளை அலமாரியில் வைத்தார். பிறகு சொன்னார்: "தப்புப் பண்ணிட்டேன்னு போறதா இருந்தா போகாத. அந்த வேலை பிடிச்சிருக்குன்னா போ. ரெண்டுல ஏதுன்னு உனக்குத்தான் தெரியும்."

நேர்காணலுக்குப் போனேன். பிழையையும் சொன்னேன். வேலை கிடைத்தது. ஆனால் அதற்குள் மருந்து நிறுவனத்துக்காகச் சாலைக் கடைகளில் மூட்டை மூட்டையாக வேர்களை முகர்ந்தும் ஒடித்தும் பார்க்கத் தொடங்கியிருந்தேன். எது பிடித்திருக்கிறது என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. கல்லூரிக்கு மறுப்புக் கடிதம் எழுதினேன்.

அக்கா எல்லாம் தெளிந்தவர் என்று எழுதிவிட்டால் அது இன்னொரு தவறான சீட்டாகிவிடும். தன்னோடு படித்தவர் துறைத்தலைவராகப் பொறுப்பேற்ற மாலையில், பஸ் நிறுத்தத்தில், "நான் நிறுத்துனது சரியாடீ?" என்று என்னைக் கேட்டார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. மறுநாள் வழக்கம்போல் எட்டரைக்கே அலமாரிகளைத் திறந்திருந்தார்.

குழுவில் வந்த செய்தியை நீக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அதன் கீழே எழுதினேன்: 'செல்வமணி, ஹெர்பேரியம் காப்பாளர்.' என் பெயரையும் தேதியையும் சேர்த்தேன்.

அவரிடமிருந்து எனக்கு வந்தது இந்தப் பழக்கம்தான். போன மாதம் ஒரு மூட்டையைச் சரியான வேர் என்று தவறாகக் குறித்துவிட்டேன். பழைய குறிப்பை அடிக்காமல், பக்கத்தில் திருத்தம் எழுதி, கையெழுத்திட்டேன்.