ஏழாம் நம்பருக்குப் பொட்டு வைத்த நாள்

தீபாவளி தாண்டினால் பழைய கம்ப்யூட்டர் எல்லாம் தானாகவே அணைந்துவிடுமாம். ஜீவானந்தம் இப்படித்தான் சொன்னார். அவருக்குச் சொன்னவர் வந்தவாசியில் மாவு மில் வைத்திருக்கும் அவருடைய சகலை. சகலைக்கு யார் சொன்னார்கள் என்று ஜீவானந்தம் கேட்டுக்கொள்ளவில்லை.

"ஐநூறு ரூபா நோட்டு ஒரே நாள்ல செல்லாம போச்சே, அந்த மாதிரிம்மா. சுவிட்ச் போட்டா வெறும் கருப்புதான் வருமாம்."

ஜீவானந்தம் ஆரணியில் பட்டுப்புடவை வியாபாரி. லாவண்யா அவருக்குக் கரையும் முந்தியும் வரைந்து கொடுப்பவள். திரையில் கட்டம் கட்டமாக அவள் வைக்கிற புள்ளிகள் அட்டையில் ஓட்டைகளாகி, அந்த அட்டை தறியின் தலைமேல் ஏறி, கீழே புடவையில் மயிலாகவும் மாங்காயாகவும் இறங்கும். இந்த முறை இறங்க வேண்டியது ரயில். வெம்பாக்கம் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு ரயில் ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. கார்த்திகையில் கல்யாணம். முகூர்த்தப் புடவையின் முந்தியில் ரயில்தான் ஓடவேண்டும், மயிலெல்லாம் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றாள். எஞ்சினும் ஒன்றரைப் பெட்டியும் வரைந்து முடிந்திருந்தன.

"கம்ப்யூட்டர் போயிடுச்சுன்னா ஒரு வார்த்தை சொல்லிடும்மா," என்றார் ஜீவானந்தம், செருப்பை மாட்டிக்கொண்டே. "காஞ்சிபுரத்துல ஒருத்தர் இருக்காரு. ரயிலை அவர்கிட்ட அனுப்பிடறேன்."

அன்று முழுக்க லாவண்யாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் வந்த கதை ஊருக்கே தெரியும். கல்லூரி முடித்து, கல்யாணம் ஆகி, கிராஃப் தாளில் பென்சிலால் கரை வரைந்துகொண்டிருந்த காலத்தில், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரை மூடினார்கள். வரிசையாக இருந்தவற்றில் ஒன்றை வாங்கி, கணவன் சந்திரமோகனின் வண்டியில் மடியில் வைத்துக் குழந்தையைப் போல வீட்டுக்குக் கொண்டுவந்தாள். முன்பக்கத்தில் ஒட்டியிருந்த '7' என்ற எண்ணை அவள் உரிக்கவே இல்லை. வீட்டில் அதற்குப் பெயரே ஏழாம் நம்பர்தான். 'ஏழாம் நம்பர் தூங்குது, சத்தம் போடாத' என்று சந்திரமோகன் கேலி செய்வான். உண்மையில் அது தூங்குமூஞ்சிதான். சுவிட்ச் போட்டுவிட்டுப் போய் அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

புதிதாக ஒன்று வாங்கிவிட்டுப் போகலாமே என்றால், அங்கேதான் முடிச்சு. அவள் வரைகிற டிசைன் சாஃப்ட்வேரை விற்ற கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. அது ஏழாம் நம்பரின் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதுவும், பின்பக்கத்தில் சொருகியிருக்கும், பென்டிரைவ் மாதிரியான, சுண்டுவிரல் அளவுப் பச்சைச் சாவி ஒன்று இருந்தால்தான் திறக்கும். அந்தச் சாவியைச் சொருகிய நாளிலிருந்து அவள் பிடுங்கியதே இல்லை; ஒட்டடை அடிக்கும்போதுகூட அந்தப் பக்கம் துடைப்பத்தைக் கொண்டுபோக மாட்டாள். இத்தனை வருஷத்து மயில், யாளி, ருத்ராட்சம் எல்லாம் அந்தச் சாவிக்குப் பின்னால்தான் இருந்தன. வேறு இடத்தில் எடுத்து வைத்திருந்த நகல்கள், பூட்டுக்குச் சாவியில்லாத பெட்டிகள் மாதிரி.

கடைசியில் தமிழ்ச்செல்விக்குப் போன் போட்டாள். கல்லூரியில் ஒரே பெஞ்சு. இப்போது சேத்துப்பட்டு பக்கம் அரசுப் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர்.

"அணையவும் அணையாது, ஒண்ணும் ஆவாது," என்று அவள் சிரித்தாள். "விண்டோஸ்காரன் இனிமே பாதுகாப்பு அப்டேட் குடுக்க மாட்டான், அவ்ளோதான். அதோட நெட்டுல போனா கதவத் தொறந்து போட்டுட்டுத் தூங்கற மாதிரி. நீ டிசைனுக்கு மட்டும் விண்டோஸ வெச்சிக்கோ, நெட்டு காட்டாத. மெயில், வாட்ஸப்புக்கெல்லாம் பக்கத்துலயே லினக்ஸ் போட்டுடலாம், அதுவும் விண்டோஸ் மாதிரிதான், காசு கெடையாது. எங்க ஸ்கூல் லேபுல கெழட்டு மெஷினெல்லாம் அதுலதான் ஓடிகினு இருக்கு."

"பக்கத்துலன்னா? இன்னொரு பெட்டியாடி?"

"அதே பெட்டிதான். ஒரே வூட்டுக்கு ரெண்டு வாசப்படி."

"விண்டோஸ் அழிஞ்சிடாதே?"

"நான் இருக்கேன் இல்ல?"

ஆயுத பூசையன்று இயந்திரத்தைத் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி, புதிதாக எதையும் தொடங்க நல்ல நாள். அப்படியே முடிவாயிற்று.

பூசையைச் சந்திரமோகன் குறையில்லாமல் செய்தான். தறி, வண்டி, மிக்ஸி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. பூசணிக்காய் உடைத்தார்கள். பொரியும் சுண்டலும் தெரு முழுக்கப் போயிற்று. மறுநாள் காலை சேத்துப்பட்டு பஸ்ஸில் இறங்கி வந்த தமிழ்ச்செல்வி, கையிலிருந்த பென்டிரைவை ஆட்டிக் காட்டிக்கொண்டே உள்ளே நுழைந்தாள்.

"இதுக்குள்ளதான் லினக்ஸு. வடை இருக்கா?"

"டீச்சருக்கு மொதல்ல வடை. அப்புறம்தான் வேலை," என்றான் சந்திரமோகன்.

ஏழாம் நம்பரின் முன்பக்கத்தில் பென்டிரைவைச் சொருகினாள். சுவிட்ச் போட்டு, F12 பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தாள். எதிலிருந்து தொடங்கட்டும் என்று கேட்டு ஒரு பட்டியல் வந்தது. அதில் ஹார்டு டிஸ்க் இருந்தது. பழைய சிடி டிரைவ் இருந்தது. பென்டிரைவ் இல்லை. அணைத்துப் போட்டார்கள். இல்லை. பக்கத்து ஓட்டையில் மாற்றிப் போட்டார்கள். அதிலும் இல்லை.

"நேத்து ஸ்கூல்ல நல்லாத்தானே வேலை செஞ்சுது," என்று தமிழ்ச்செல்வி நகத்தைக் கடித்தாள்.

சகலை சொன்னது தீபாவளிக்கு முன்னாலேயே பலித்துவிட்டதோ? லாவண்யா பென்டிரைவைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பளபளவென்று இருக்க வேண்டிய அதன் முனை முழுக்க மஞ்சள். முகர்ந்து பார்த்தாள். சந்தனம்.

குனிந்து பார்த்தாள். முன்பக்கத்து இரண்டு ஓட்டைகளிலும் சந்தனம் கெட்டியாக அப்பியிருந்தது. அதன்மேல், பென்டிரைவ் போய் வந்த தடத்தைச் சுற்றி, குங்குமம்.

"இன்னாங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் சந்திரமோகன் வடைத் தட்டோடு ஓடிவந்தான்.

"தறின்னா எங்க வெக்கறதுன்னு தெரியும். இதுக்கு எங்க வெக்கறதுன்னு தெரியல," என்றான் மெதுவாக. "பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஓட்டை இருந்துதா... கண்ணுன்னு நெனச்சிட்டேன்."

தமிழ்ச்செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எந்த ஊருலயும் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வெச்சிக் கண்ண அடைச்சிருக்க மாட்டாங்கண்ணே!"

"போன வருசமும்தான் வெச்சேன்."

"போன வருசம் நெத்தியில வெச்சீங்க, துடைச்சேன்," என்றாள் லாவண்யா. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

முன்பக்கம் உதவாது. பின்பக்கத்து ஓட்டைகளில் கீபோர்டும் மவுஸும் போக, ஒன்று ஏற்கெனவே செத்துப்போனது. மீதி ஒன்றில் பச்சைச் சாவி.

"அதப் புடுங்கித்தான் ஆவணும்," என்றாள் தமிழ்ச்செல்வி, இப்போது சிரிக்காமல்.

லாவண்யா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். சாவியின் இரண்டு பக்கத்தையும் பிடித்து, அறுந்த இழையைத் தறியின் பாவிலிருந்து உருவுகிற பக்குவத்தில், ஆட்டாமல் அசைக்காமல் இழுத்தாள். வந்துவிட்டது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் குங்குமச் சிமிழில் வைக்கப் போனாள்.

"அய்யோ, மறுபடியும் குங்குமமா? ஜல்தி இங்க குடு!" என்று பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான் சந்திரமோகன். அதன்பிறகு அந்தப் பையின்மேல் வைத்த கையை அவன் எடுக்கவே இல்லை.

இந்த முறை பட்டியலில் பென்டிரைவின் பெயரும் வந்தது. லினக்ஸ் ஒவ்வொன்றாகக் கேட்டது. தமிழ்ச்செல்வி பதில் சொல்லிக்கொண்டே போனாள். 'விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவவா, எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிறுவவா' என்று கேட்ட இடத்தில் லாவண்யா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பக்கத்துல. பக்கத்துலடி. நல்லாப் படிச்சிப் பாரு."

"படிச்சிட்டேன், கைய வுடு."

பிறகு திரையில் ஒரு நீளப் பட்டை வந்தது. ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் வேறு நிறம். நடுக்கோட்டை இழுத்து, எதற்கு எவ்வளவு இடம் என்று சொல்லவேண்டும். அதைப் பார்த்ததும் லாவண்யாவின் பயம் பாதி ஓடிப்போயிற்று. இது அவளுக்குத் தெரிந்த படம். மவுஸை வாங்கிக் கோட்டை ஓரத்துக்குக் கொண்டுபோனாள்.

"அவ்ளோ சன்னமாவா? பாவம், அதுக்கும் மூச்சு விட எடம் குடுடி."

"உடம்பு பெருசு, கரை சின்னது. அதானே அழகு?"

"பெரிய பார்டருதான் இப்ப ஃபேஷன், கடையிலயே கேட்டுப் பாரு," என்றாள் தமிழ்ச்செல்வி. கரை கொஞ்சம் அகலமாயிற்று.

அது வேலையை முடிக்கும்வரை மூன்று பேரும் வடை தின்றார்கள். தெருவில் தறிகள் ஒவ்வொன்றாகப் பூசைக்குப் பிறகான முதல் சத்தத்தைப் போட ஆரம்பித்தன. பென்டிரைவை எடுத்துவிட்டுத் திரும்பச் சுவிட்ச் போட்டபோது திரையில் இரண்டு வரிகள்: மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். லினக்ஸைத் தொட்டார்கள். அரிசி களையப் போகிற நேரத்தைக்கூடக் கொடுக்காமல் வந்து நின்றது.

"இது நம்ம ஏழாம் நம்பர்தானா?" என்றான் சந்திரமோகன்.

"இருங்க. கீழ் வாசப்படியப் பாக்கணும்," என்றாள் லாவண்யா.

அவன் சட்டைப்பையிலிருந்து பச்சைச் சாவியை எடுத்துக் கொடுத்தான். பழைய இடத்திலேயே சொருகிவிட்டு, இரண்டாவது வரியைத் தொட்டாள். திரை கருத்தது. கருப்பாகவே நின்றது.

"ஜீவானந்தம் அண்ணன் சொன்ன கருப்பு இதானா?" என்று சந்திரமோகன் கிசுகிசுத்தான்.

"வாய மூடுங்கண்ணே. எடத்தக் குறைச்சிருக்கோம் இல்ல, எல்லாம் பத்திரமா இருக்கான்னு எண்ணிப் பாத்துகினு இருக்கு," என்றாள் தமிழ்ச்செல்வி. கருப்பில் வெள்ளையாகச் சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஏழாம் நம்பரின் தலைமேல் வைத்திருந்த லாவண்யாவின் போன் அதிர்ந்தது. ஜீவானந்தம்.

"எடு, எடு. காஞ்சிபுரத்துக்குக் குடுத்துடப் போறாரு!" என்று சந்திரமோகன் பதறினான்.

லாவண்யா எடுக்கவில்லை. சதவீதம் நூறைத் தொட்டது. வட்டம் சுற்றியது, பழைய சோம்பலோடு, அதே பழைய வேகத்தில். அந்தச் சோம்பலைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. டிசைன் சாஃப்ட்வேரைத் திறந்தாள். சாவியைத் தேடுகிறேன் என்றது. தேடியது. கிடைத்துவிட்டது என்று சொல்லாமலே திறந்தது.

திரையின் ஓரத்திலிருந்து எஞ்சின் வந்தது, பின்னாலேயே ஒரு பெட்டி, அதன் பின்னால் அரைப் பெட்டி. கொடியசைக்கும் ரயில்வே கார்டாகச் சன்னலோரத்தில் அவள் விளையாட்டாக வைத்திருந்த சின்னஞ்சிறு சிவப்புப் புள்ளிகூட அப்படியே இருந்தது.

தமிழ்ச்செல்வி கைதட்டினாள். சந்திரமோகன் கையிலிருந்த பாதி வடையை மறந்துவிட்டு ஏழாம் நம்பரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நின்றுபோயிருந்த போன் மறுபடியும் அதிர ஆரம்பித்தது.

"அவருதான். எடுத்துச் சொல்லேன்," என்றான்.

"சொல்றேங்க. மொதல்ல இந்தப் பெட்டிய முடிக்கிறேன்," என்று லாவண்யா மவுஸைப் பிடித்து, அரைப் பெட்டியின் ஓரத்தில் அடுத்த புள்ளியை வைத்தாள். போன் அதிர்ந்து அதிர்ந்து, ஏழாம் நம்பரின் தலையில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.