இரண்டு கிலோ தூள்

ஹனோவரில் இருந்து மெக்சிகோவுக்கு நான் இரண்டு சூட்கேஸ்களோடு போனேன். ஒன்றில் என் உடுப்பு. மற்றது பெரியது. மகளின் சாமான்களை அதற்குள் அள்ளிப்போட்டு, அவளையும் கையோடு கூட்டிவந்துவிடுவது என்பது என் திட்டம். அந்தப் பெட்டியை வெறுமையாகக் கொண்டுபோக மனைவி விடவில்லை. வீட்டில் வறுத்துத் திரித்த மிளகாய்த்தூளை இரண்டு கிலோ பொதி செய்து அடியில் வைத்தாள்.

"ஒரு கிழமைக்கு இரண்டு கிலோவோ? அவள் என்ன ஊருக்கே சமைக்கப் போறாளோ?" என்று கத்தினேன். அவள் சிப்பை இழுத்துப் பூட்டினாள்.

மகள் பறவைகளைப் பற்றிப் படித்தவள். ஆறு மாத ஆராய்ச்சி என்று போனவள், இனி அங்கேயே இருக்கப்போவதாகப் போனில் சொல்லிவிட்டாள். இதற்குப் பின்னால் ஒரு பெடியன் இருப்பான் என்றுதான் நினைத்தேன். போய்த் தேடியும் பார்த்தேன். அப்படி ஒருவனும் இல்லை. அவள் இருந்த மீனவக் கிராமத்துக்கு முன்னால் கடல், மற்றப் பக்கமெல்லாம் சேறும் கண்டல் காடும், நடுவில் மணல் தெரு ஒன்று, காயப்போட்ட வலைகள், வெயிலில் படுத்திருக்கும் நாய்கள். பெடியன் இருந்திருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். சதுப்பு நிலத்தோடு என்னவென்று சண்டை பிடிப்பது?

அடுத்த நாள் என்னைப் படகில் ஏற்றிக்கொண்டு போனாள். அவளேதான் மோட்டரைப் பிடித்து ஓட்டினாள். ஹனோவரில் கார் பழக்கும்போது என் வாய்க்குப் பயந்து அழுத பிள்ளை இவள். கண்டலுக்குள் புகுந்து, கடல்நீர் தேங்கி நிற்கும் களப்புக்கு வந்ததும் மோட்டரை நிறுத்தினாள். தண்ணீர் முழுக்கப் பூநாரைகள். தனியாக அகப்பட்டாள், இதுதான் சமயம் என்று தொண்டையைச் செருமினேன். விமானத்திலேயே பாடமாக்கி வைத்திருந்த பேச்சு.

"அப்பா, கதைக்காதேங்கோ. பறந்திடும்."

அவள் பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனியில் மணி குறித்துக் கொடுத்த ஒரு டெர்மினுக்கும் அடுத்த டெர்மினுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்த முகத்தைத்தான் எனக்குத் தெரியும். இந்த முகத்தை நான் கண்டதே இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

பின்னேரம் நண்டு வாங்கி வந்தாள். கறி வைக்கவென்று பெரிய சூட்கேஸைத் திறந்தவள் அப்படியே குந்திவிட்டாள்.

"இவ்வளவும் அம்மாவோ தந்து விட்டவ?"

"ஓம். விசர். நீ என்னோட வரப்போறாய், இது எதுக்கு எண்டு சொன்னனான். கேட்டால்தானே?"

அவள் பொதியை மடியில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். "அம்மாவுக்கு விளங்கியிருக்கு, அப்பா."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. திரும்பி வரப்போகிற பிள்ளைக்கு எந்தத் தாயும் இரண்டு கிலோ தூள் கொடுத்துவிடமாட்டாள். கறி நல்ல உறைப்பாக, தாயின் கைப்பக்குவத்தில் இருந்தது.

பிராங்பேர்ட் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெரிய சூட்கேஸைத் திறக்கச் சொன்னான். மெக்சிகோவில் இருந்து வெறும் பெட்டியோடு வருகிறவனை நானாக இருந்தாலும் விடமாட்டேன். உள்துணியெல்லாம் தடவிப் பார்த்தான். தூள் வாசம் மட்டும்தான் வந்தது. ஏன் ஒன்றும் இல்லை என்று கேட்டான். நான் சிப்பை இழுத்துப் பூட்டினேன்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்தாள். என் பின்னால் யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்க்கவில்லை. சூட்கேஸை என் கையிலிருந்து வாங்கினாள். அதில் பாரமே இல்லை.

"அந்தத் தூள் எத்தினை மாசத்துக்குக் காணுமாம்?" என்று கேட்டாள்.